என்ன மாத்திரை நிறுத்தினீங்க?

நோயாளி வந்து கட்டிலில் படுத்ததும் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று எல்லா நர்சுகளும் கேட்பார்கள். நான் "என்ன மாத்திரை நிறுத்தினீங்க?" என்று கேட்பேன். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான் கேட்டேன். இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. காலில் முள் ஏறி வந்த ஆளிடம்கூட இந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அது கட்டின கதை இல்லை, கேட்கத்தான் செய்தேன்.

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். நித்யா என்ற இளம் நர்ஸ் மைக்கைப் பிடித்து, பழனிக்கு நடந்து போன மல்லிகாவின் கதையைச் சொன்னாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதற்கு அவள் வைத்திருக்கும் கதை அது. "ஒரு பார்வை பாத்தாங்க. கன்னத்தைப் பாத்தே விஜயா சிஸ்டர் நோயைக் கண்டுபிடிச்சுட்டாங்க" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பூவைப் பார்த்தபடி இருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அந்தக் கதையை ஆஸ்பத்திரி மலருக்கு எழுதிக் கொடுக்கும்படி நித்யா பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன் கண்ணு. ஆனால் நீ சொன்ன கதை வேறு, நடந்தது வேறு. நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாமளாபுரத்தில் அப்பா விசைத்தறி ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே இறந்துவிட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருஷங்களில் லைசென்ஸ் உள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பனியன் கம்பெனிகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டார். என்னைக் கோயமுத்தூரில் நர்சிங் படிக்க வைத்தது அந்தக் கடைதான். ஊசி போட, காயம் கட்ட, நின்றுகொண்டே சாப்பிடக் கற்றுக்கொண்டேன். படிப்பு முடிந்தது, கல்யாணமாயிற்று, தாராபுரத்துக்கு வந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

அண்ணன் கடையில் "செட்" ரொம்பப் பிரபலம். சின்னப் பழுப்புக் கவர். உள்ளே மஞ்சள் மாத்திரை ஒன்று, குட்டியாய் வெள்ளை மாத்திரை ஒன்று, சிவப்புக் கேப்சூல் ஒன்று. மஞ்சள் இளைப்புக்கு. கேப்சூல் வெறும் சத்து. வெள்ளை ஸ்டீராய்டு. உடம்பு வலி, சளி, பஞ்சுத் தூசியால் வரும் வீசிங் எல்லாவற்றுக்கும் அதே கவர்தான். தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் லீவு போட்டு டாக்டரைப் பார்க்கப் போனால் அன்றைய வேலை போய்விடும். கம்பெனிக்குப் போகிற வழியில் கையை நீட்டினால் அண்ணன் கவரைக் கொடுப்பார். ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்து கொடுப்பார். "எப்படீங்க்கா இருக்கறீங்க, மூச்சு பரவாயில்லீங்களா?" என்று விசாரித்துத்தான் கொடுப்பார். அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்கு இருக்கும் கஷ்டமே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனால், அண்ணியும் நானும் டிவி பார்த்துக்கொண்டே கவருக்குள் மாத்திரைகளைப் போட்டு மடித்து வைப்போம். அந்த வெள்ளை மாத்திரையை எங்கள் டாக்டர் எழுதினால் எத்தனை நாள், எப்படிக் குறைத்துக்கொண்டே வருவது என்று நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் அனுப்புவார். அதே மாத்திரை அண்ணன் வீட்டுக் கூடத்தில் அண்ணியின் எவர்சில்வர் கிண்ணத்தில் கிடக்கும். ஆஸ்பத்திரி வேறு, பிறந்த வீடு வேறு என்று மனசு தானாகவே பிரித்து வைத்துக்கொண்டது. எல்லாக் கடையிலும் இதுதானே நடக்கிறது என்று ஒரு சமாதானமும் கைவசம் இருந்தது.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டுக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், சூடா சில்லிப்பா என்று. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் கேள்வி கேட்பார். கோபம் வந்தால் குரல் உயராது, பேச்சில் மரியாதை கூடிவிடும். "ஏனுங்க சிஸ்டர்" என்று அவர் இழுத்தாலே நாங்கள் கேஸ் ஷீட்டை இன்னொரு தரம் பார்க்க ஓடுவோம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் எதைச் சொன்னாலும், "பாத்ததைச் சொல்றீங்களா, நினைச்சதைச் சொல்றீங்களா?" என்று கேட்பார். நினைத்ததைச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் நினைத்தது என்று சொல்லிவிட வேண்டும். இரண்டையும் கலந்து கொடுத்தவர்கள் அவரிடம் அதிக நாள் தாக்குப்பிடித்ததில்லை.

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டாக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதால் திருப்பூருக்கு ஆர்டர்கள் கொட்டிய வருஷங்கள் அவை. தைப்பூசம் வந்தால் திருப்பூர்ப் பக்கத்துச் சனம் பச்சைத் துணி உடுத்திக் குண்டடம் வழியாகத் தாராபுரம் வந்து, பழனிக்கு நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில் எங்களுக்குக் கால் கொப்புளமும் வயிற்றுப்போக்கும்தான் வேலை. ஒருநாள் முற்பகலில் ஆம்னி வேனில் மல்லிகாவைத் தூக்கி வந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கூட வந்தவர் அவள் கணவர் பழனிச்சாமி, கட்டிங் மாஸ்டர். பின்னாலேயே மாமியார், கையில் மஞ்சப்பையோடு. குண்டடம் தாண்டும்போது வாந்தி எடுத்தாளாம், பிறகு உட்கார்ந்தவள் எழவே இல்லையாம்.

ரத்த அழுத்தம் எழுபதுக்குப் பக்கத்தில் கிடந்தது. நாடி நூலாய் ஓடியது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன், ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள், மறுபடி சொருகிவிட்டது. ஊசிக்கு நரம்பு தேடினால் தோல் வெங்காயச் சருகாய் இருந்தது, கை வைத்த இடமெல்லாம் கன்றிப்போனது. வெயில், பட்டினி, வாந்தி என்றால் சலைன் ஓட ஓட அழுத்தம் ஏற வேண்டும். இரண்டு கைகளிலும் முழு வேகத்தில் சலைன் ஓடியது, அழுத்தம் அசையவில்லை.

டாக்டர் பாதத்தைத் தொட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன மாத்திரைங்க சாப்பிடறாங்க?"

"ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க" என்றார் பழனிச்சாமி.

"சர்க்கரை, பிரஷரு, எதுக்காச்சும்?"

"இல்லீங்க சாமி, ஒரு மாத்திரையும் இல்லீங்க. மாலை போட்டிருக்குதுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியான பதில் அதுதான். டாக்டர் கோயமுத்தூருக்கு அனுப்ப ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். சொல்லும்போதே அவர் கை மல்லிகாவின் மணிக்கட்டை விடவில்லை. வழியில் தாங்குவாளா என்பது அவருக்கே சந்தேகம்.

நான் ஈசிஜி எடுக்கச் சேலையைத் தளர்த்தினேன். வயிற்றில் இரண்டு பக்கமும் கத்தரிப்பூ நிறத்தில் பட்டை பட்டையாய்க் கோடுகள். கன்னங்கள் உப்பி, கை கால் மட்டும் குச்சியாய். நித்யா சொன்ன கன்னம் இதுதான். கன்னத்தைப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் பார்த்ததும் எனக்கு நோயின் பெயர் தோன்றவில்லை. அண்ணன் கடையில் நிற்கும் பெண்கள் தோன்றினார்கள். "நம்ம மாத்திரை சாப்பிட்டு எப்படிச் சதை புடிச்சிருக்குது பாரு அம்மிணி" என்று அண்ணன் காட்டுவாரே, அந்தக் கன்னங்கள்.

மாமியாரைத் திரும்பிக் கேட்டேன். "ஆத்தா, மாலை போடறதுக்கு முந்தி என்ன சாப்பிட்டுட்டு இருந்துச்சு?"

"முந்தீங்களா? வீசிங்குக்கு ஒரு செட்டு வாங்கித் திம்பாளுங்க. மூணு வருசமா அதுலதான் ஓடுச்சு. மாலை போடறப்ப எங்கூட நடக்கறவ ஒருத்தி சொன்னா, கேப்சூலு மேல இருக்கற தோலு மாட்டு எலும்புல செய்யறதாமா. வெரதத்துல அதைத் திங்கலாமுங்களா? செட்டோட தூக்கிக் குப்பையில போட்டுட்டமுங்க."

"எந்தக் கடை?"

சந்தின் பெயரைச் சொல்லி, முக்கில் இருக்கும் பேக்கரியைச் சொல்லி, "அந்த மெடிக்கல்காரரு, வெள்ளைச் சட்டையிலயே இருப்பாருங்க, தங்கமான மனுசரு" என்றார்.

டாக்டர் பக்கம் திரும்பி, "ஸ்டீராய்டா இருக்கலாமுங்க டாக்டர். திடீர்னு நிறுத்தியிருக்காங்க" என்றேன். இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் கேட்காமல் இருப்பாரா? "பாத்ததைச் சொல்றீங்களா சிஸ்டர், நினைச்சதைச் சொல்றீங்களா?"

பழனிச்சாமி என்னைப் பார்த்தார். மாமியார் பார்த்தார். சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆயாவும் பார்த்தார். நினைத்தது என்று சொன்னால் அவர் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கலாம், வேறு காரணங்களைத் தேடலாம். அதற்கு நேரம் இல்லை.

"பாத்ததுங்க டாக்டர். அது எங்கண்ணன் கடைங்க. அந்தக் கவரை நானே மடிச்சிருக்கறேனுங்க. வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டுதானுங்க."

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹைட்ரோகார்ட்டிசோன் நூறு மில்லிகிராம், நரம்புலங்க" என்றார். மருந்தைக் கரைத்து, காற்றை வெளியேற்றி, மெதுவாக ஏற்றினேன். பிறகு அழுத்தம் பார்த்தேன், மறுபடி பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். முதலில் கொஞ்சமாக ஏறியது. அப்புறம் ஏறி அங்கேயே நின்றது. மதியச் சாப்பாட்டு வேளையில் மல்லிகா தெளிவாகக் கண் விழித்து, "செருப்பு எங்கீங்க?" என்று கேட்டாள். வெறுங்காலில் நடந்தவள் இல்லாத செருப்பைத் தேடுகிறாள் என்று மாமியார் அழுதுகொண்டே சிரித்தார்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பழனிச்சாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். என்னையும் அங்கேயே நிற்கச் சொன்னார்.

"ரெண்டு சிறுநீரகத்து மேலயும் தொப்பி வெச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்குதுங்க. பட்டினி கிடந்தாலும், காய்ச்சல் வந்தாலும், இப்படி நடந்தாலும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுகாமப் புடிச்சு நிறுத்தறது அதுல ஊறற ஹார்மோன்தான். எவ்வளவு ஊறணும்னு மூளைக்கு அடியில இருந்து ஆர்டர் வரும். ரத்தத்துல அது போதுமான அளவு இருந்தா ஆர்டர் குறையும். கம்மியானா ஆர்டர் ஏறும். நாள் பூரா இது நடந்துட்டே இருக்குதுங்க."

"கம்பெனி மாதிரீங்களா?" என்றார் பழனிச்சாமி.

"அப்படியே வெச்சுக்கங்க. உங்க கம்பெனியில எல்லாத் துணியையும் வெளிய ஜாப் ஒர்க்குக்குக் குடுத்துட்டா, உள்ள இருக்கற டெய்லருங்க என்ன ஆவாங்க?"

"வேற பக்கம் போயிருவாங்க. மெசினு துருப் புடிச்சுப் போயிரும்."

"ஒருநாள் வெளியில தைக்கறவன் திடீர்னு முடியாதுன்னுட்டா?"

பழனிச்சாமிக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த வெள்ளை மாத்திரை வெளிய தைச்சு வந்த சரக்குங்க. மூணு வருசமா உள்ள ஆர்டரே போகலை, சுரப்பி சுருங்கிப் போச்சு. மாத்திரையை ஒரேயடியா நிறுத்தக் கூடாதுங்க. கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சு, உள்ள இருக்கறதை எழுப்பணும். அதுக்கு மாசக்கணக்கா ஆகும். வீசிங்குக்கு வாயில வெச்சு இழுக்கற மருந்து தர்றேன்."

தெளிவாகத்தான் சொன்னார். என்னிடம் தனியாக ஒன்றே ஒன்று சொன்னார். "உங்கண்ணன்கிட்டச் சொல்லிருங்க சிஸ்டர். உங்களுக்குச் சொல்லத் தெரியுமுங்க." அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அண்ணனிடம் சொல்ல எனக்குச் சில வாரங்கள் ஆயின. போனில் சொல்லும் விஷயமா என்று தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போனேன். கடையில் நல்ல கூட்டம். அண்ணனை உள்ளே கூப்பிட்டு ஆரம்பிப்பதற்குள், மல்லிகாவும் பழனிச்சாமியும் மாமியாரும் படியேறி வந்தார்கள். கையில் பஞ்சாமிர்த டப்பா.

"உங்களுக்குத்தானுங்க கொண்டாந்தோம்" என்று மாமியார் அண்ணன் கையில் டப்பாவைக் கொடுத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "இவரு மாத்திரைய நிறுத்துனோம், எமன் வாசல்ல போய் நின்னுட்டு வந்தாளுங்க எம் மருமவ. பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, அதை நிறுத்துனதுதான் தப்புன்னு. அங்க பாருங்க, இவரு தங்கச்சியவே அந்த ஆஸ்பத்திரியில நிறுத்தி வெச்சிருந்தான் முருகன். இந்தக் குடும்பமில்லீன்னா நாங்க ஏதுங்க?"

அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எந்தங்கச்சிதானுங்க, நர்சு" என்றார். மல்லிகா சிரித்தாள். கன்னங்கள் அப்படியே இருந்தன. "பழைய செட்டே மறுபடி குடுத்துருங்கண்ணா. குறைக்கறது, கூட்டறது எல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்கறதில்லீங்க" என்றாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க சிஸ்டர், அப்ப இதை நிறுத்தவே கூடாதுங்களா?"

இருபது ஜோடிக் கண்கள் என்மேல் இருந்தன. அதில் எத்தனை பேர் அந்த வெள்ளை மாத்திரையில் ஓடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியாது. கூடாது என்றால் கடைக்கு விளம்பரம். நிறுத்தலாம் என்றால் அவளும் ஒருநாள் வேனில் வருவாள்.

"திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க" என்றேன்.

அடுத்து நான் சொல்ல வந்ததைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. "கேட்டீங்களா?" என்றபடி அண்ணன் கவர்களை எடுத்து நீட்ட ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன், கடை வியாபாரம் சூடு பிடித்தது. அண்ணன் டப்பாவைத் திறந்து என் கையிலும் பஞ்சாமிர்தம் வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நக்கினேன்.

கூட்டம் போனதும் அண்ணனோடு சண்டை போட்டேன். "இந்தச் செட்டை உட்ருங்கண்ணா" என்றேன்.

"உட்டுட்டா? இப்பத்தானே நீயே சொன்னே, திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு. நான் கடைய மூடுனா இத்தனை பேரும் உழுந்துற மாட்டாங்களா அம்மிணி?"

அண்ணன் என்னை மடக்கக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். "கடையும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணுமுங்க" என்றார். அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொருவராக டாக்டரிடம் அனுப்பப் பார்த்தேன். சிலர் போனார்கள். பலர் அடுத்த சந்துக் கடைக்குப் போனார்கள், அங்கேயும் கவர் உண்டு. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே செட் கட்டுவதைக் குறைத்தார், பிறகு விட்டார். விட்டது என் பேச்சுக்காகவா, அதிகாரிகள் கெடுபிடி வந்ததாலா என்று நான் கேட்கவில்லை.

மல்லிகாவை நானே பஸ் ஏற்றிக் கூட்டிவந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. மருந்து குறையக் குறைய உடம்பு வலிக்கிறது என்று அழுவாள், போனில் என்னைத் திட்டுவாள், மறுபடி வருவாள். கன்னம் வற்றியதும், "என்ன நோவு உனக்கு, இப்படி எளச்சுட்டே?" என்று கம்பெனியில் அவள் தைக்கும் லைனில் எல்லாரும் கேட்டார்களாம். நோயில் இருந்தபோது ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். தைப்பூசத்துக்கு நடந்து வரும்போது எட்டிப் பார்ப்பாள். திரும்பும்போது இரண்டு டப்பா தருவாள், ஒன்று எனக்கு, ஒன்று அண்ணனுக்கு.

நித்யா, நீ சொன்ன கதையில் ஒரே ஒரு சொல் தப்பு. நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒருத்தி சாகக் கிடக்கும்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஒண்ணும் நிறுத்தலீங்க" என்று பதில் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

வழியனுப்பு விழாவில் நீ அந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயதானவர் எல்லாரையும்விட அதிக நேரம் கைதட்டினாரே, கவனித்தாயா? பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது மேடைவரை கேட்டது.

"எந்தங்கச்சிதானுங்க. நான்தானுங்க படிக்க வெச்சேன்."